யாரும் கேட்காதபோதே ரத்தம் கொடுங்கள்

வாட்ஸ்அப் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தச் செய்தி ஒரு முறையாவது வந்திருக்கும். "அவசரம்! ஓ நெகட்டிவ் ரத்தம் உடனே தேவை, தயவுசெய்து பகிரவும்." கீழே ஒரு கைபேசி எண். எந்தத் தேதி, எந்த மருத்துவமனை, எத்தனை யூனிட், ஒன்றும் இருக்காது. கூப்பிட்டால் பாதி நேரம் "அது எப்பவோ கிடைச்சிடுச்சுங்க" என்பார்கள், மீதி நேரம் போனை அணைத்து வைத்திருப்பார்கள். பாவம், தெரியாதவர்களெல்லாம் மாதக்கணக்கில் அழைத்துக்கொண்டே இருந்தால் வேறு என்னதான் செய்வார்கள். அனுப்புகிறவர்களை நான் கிண்டல் செய்யவில்லை. ஐசியூ வாசலில் நிற்கிறவருக்கு அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது அந்த போன் ஒன்றுதான். ஆனால் இந்தச் செய்திகள் சேர்ந்து நம் மனதில் ஒரு படத்தை வரைந்துவிட்டன: ரத்ததானம் என்றால் யாரோ ஒருவருக்கு ஆபத்து என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய்க் கையை நீட்டுவது. எனக்கு அதில்தான் பிரச்சினை. யாரும் கேட்காத, எந்தப் பரபரப்பும் இல்லாத ஒரு வேலை நாளில் போய்க் கொடுக்கிற ரத்தம்தான் உண்மையில் அதிக உயிர்களுக்குப் போய்ச் சேருகிறது.

காரணம் ரொம்ப எளிது. உங்கள் கையிலிருந்து எடுத்த ரத்தத்தை நேரே இன்னொருவர் கைக்கு ஏற்ற மாட்டார்கள். முதலில் குரூப்பை உறுதி செய்ய வேண்டும். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ் இந்த நான்குக்கும் பரிசோதனை நடக்க வேண்டும், பல நாடுகளில் மலேரியாவும் இதில் சேரும். அப்புறம் அதைக் கூறுகளாகப் பிரிக்க வேண்டும், நோயாளியின் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று கிராஸ் மேட்ச் பார்க்க வேண்டும். இதெல்லாம் முடியச் சில மணி நேரம் ஆகும், இடத்தைப் பொறுத்து ஒரு நாள்கூட ஆகும். பிரசவ அறையில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்காமல் இருக்கும்போது அவ்வளவு நேரம் யாரிடம் இருக்கிறது? அந்தப் பெண்ணுக்குள் ஏறுவது போன வாரமோ அதற்கு முந்தின வாரமோ யாரோ ஒருவர் கொடுத்துவிட்டுப் போய் மறந்தும் போன ரத்தம். அலமாரியில் அது இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் மக்கள் ரத்தம் கொடுக்க மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அவர்கள் மனசு நல்ல மனசு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தாக்குதலில் காயத்தோடு பிழைத்து ரத்தம் தேவைப்பட்டவர்கள் மிகக் குறைவு, அவர்களுக்கும் ஏற்கெனவே இருப்பில் இருந்ததே போதுமானதாக இருந்தது. புதிதாக வந்து குவிந்ததில் ஏராளமான பைகள் காலாவதியாகிக் கொட்டப்பட்டன. எனக்கு இது ஏன் உறுத்துகிறது என்றால், அன்று கொடுத்தவர்களில் கொஞ்சம் பேராவது அதற்கு முந்தைய மாதமோ அடுத்த வருடமோ வந்திருந்தால் இவ்வளவு வீணாகியிருக்காது.

இதைப் பற்றி யோசிக்கும்போது ரத்தமேற்றும் மருத்துவத்தின் வரலாறு ஒரு விதத்தில் வேடிக்கையாகத் தெரிகிறது. 1667இல் பாரிஸில் ஜான் பாப்டிஸ்ட் டெனி என்ற மருத்துவர் ஆட்டுக்குட்டியின் ரத்தத்தை மனிதனுக்கு ஏற்றிப் பார்த்தார், இப்படி விலங்கு ரத்தம் ஏற்றியதில் பிறகு ஒரு நோயாளி இறந்துபோனார், கொஞ்ச காலத்தில் தடையும் வந்தது. 1818இல் லண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் மனித ரத்தத்தை மனிதருக்கே ஏற்றினார். பிரசவத்தில் ரத்தம் வடிந்து சாகும் பெண்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் அதில் இறங்கினார். சிலர் பிழைத்தார்கள், சிலர் பிழைக்கவில்லை, ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் ரத்தத்தில் வெவ்வேறு குரூப் இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது, அதற்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. ஜூன் 14 உலக ரத்ததான தினமாக இருப்பது அவர் பிறந்த நாள் என்பதால்தான்.

ஆனால் குரூப் தெரிந்தும் இன்னொரு சிக்கல் மிச்சம் இருந்தது. வெளியே எடுத்த ரத்தம் சில நிமிடங்களில் உறைந்துவிடும். அதனால் கொடுப்பவர் நோயாளியின் பக்கத்திலேயே படுக்க வேண்டியிருந்தது, கொடுப்பவரின் தமனியை வாங்குபவரின் சிரையோடு தைத்துக்கூட ஏற்றியிருக்கிறார்கள். 1914இல் பெல்ஜியத்தில் ஆல்பர்ட் உஸ்டானும் அர்ஜென்டினாவில் லூயிஸ் அகோட்டேயும் சோடியம் சிட்ரேட் கலந்த ரத்தம் உறையாது என்பதைப் பயன்படுத்தி நோயாளிகளுக்கு ஏற்றிக் காட்டினார்கள். 1917இல், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போது, ஆஸ்வால்ட் ராபர்ட்சன் என்ற ராணுவ மருத்துவர் சண்டை தொடங்குவதற்கு முன்பே ரத்தத்தைச் சேகரித்துப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். 1937இல் சிகாகோவில் பெர்னார்ட் ஃபேன்டஸ் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே ரத்த வங்கியைத் தொடங்கினார். இத்தனை பேர் மெனக்கெட்டது எதற்காக? கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் இருக்க வேண்டிய கட்டாயத்தை ஒழிப்பதற்காக. நூறு வருடத்துக்கு முன்பே அதை ஒழித்துக் கொடுத்துவிட்டார்கள். நாம் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு பண்ணி மறுபடி அந்தப் பழைய காலத்துக்கே போய்க்கொண்டிருக்கிறோம்.

சரி, கொடுத்த ரத்தத்தை என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம், ஏனென்றால் பலர் அந்தப் பை அப்படியே ஒருவருக்கு ஏறுகிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் பையை வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் வைத்துச் சிவப்பணு, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட், திரவப் பகுதியான பிளாஸ்மா என்று பிரித்துவிடுகிறார்கள். சிவப்பணுவை 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் குளிரில் சேர்க்கும் கரைசலைப் பொறுத்து 35 முதல் 42 நாள் வரை வைக்கலாம். பிளாஸ்மாவை உறைய வைத்தால் ஒரு வருடம்கூட இருக்கும். தலைவலி பிடித்தது பிளேட்லெட்தான். அதைக் குளிரில் வைக்கக் கூடாது, 20 முதல் 24 டிகிரியில், அசைந்துகொண்டே இருக்கும் தட்டில் வைக்க வேண்டும், அப்படி வைத்தாலும் பொதுவாக 5 நாள்தான் கணக்கு. அந்த 5 நாளில் பரிசோதனைக்கே ஒன்றிரண்டு நாள் போய்விடும். மிச்சமிருக்கும் மூன்று நான்கு நாளுக்குள் யாருக்காவது ஏற்றியாக வேண்டும். கீமோதெரபி எடுக்கும் ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு இது அடிக்கடி தேவை, சிகிச்சையில் எலும்பு மஜ்ஜையே சில வாரங்களுக்கு வேலை செய்யாமல் போய்விடுகிறது, அப்போது பிளேட்லெட் விழுந்துவிட்டால் சும்மா இருக்கும்போதே எங்காவது ரத்தம் கசியத் தொடங்கும். ஆகவே இதைச் சேர்த்து வைத்துக்கொள்ளவே முடியாது, வாரா வாரம் யாராவது வந்தபடி இருக்க வேண்டும். நீண்ட விடுமுறை வந்தால் ரத்த வங்கிகள் திணறுவது இதனால்தான். கொடுப்பவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், நோய் எங்கேயும் போகாது.

இந்த இடத்தில் ஒரு சின்ன முணுமுணுப்பு. "ஒரு முறை ரத்தம் கொடுத்தால் மூன்று உயிர்களைக் காப்பாற்றலாம்" என்று போஸ்டர்களில் போடுகிறார்கள். ஒரு பை மூன்று கூறாகப் பிரிகிறது என்ற அளவில் அது சரி. ஆனால் கணக்கு மறுபக்கமும் இருக்கிறதே. பெரிய விபத்தில் அடிபட்ட ஒருவருக்குப் பத்து, இருபது பைகள் ஒரே நாளில் போகும். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை, பிரசவத்துக்குப் பின் நிற்காத ரத்தப்போக்கு, இதிலெல்லாம் ஒரு உயிருக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். எனக்கு அந்தப் பத்தில் ஒருவனாக இருப்பதே போதும். மூன்று உயிர் என்ற பேச்சு கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு தடவை கொடுத்ததும் கடமை முடிந்தது என்ற நிறைவையும் சேர்த்தே தந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

ரத்தம் யாருக்குப் போகிறது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் விபத்து என்பார்கள். விபத்துக்கும் போகிறதுதான், ஆனால் அது ஒரு பங்குதான். பணக்கார நாடுகளில் பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் போகிறது, அறுவை சிகிச்சை, புற்றுநோய் என்று. ஏழை நாடுகளில் பாதிக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் போகிறது, மலேரியாவும் கடுமையான ரத்தசோகையும் அங்கே குழந்தைகளைப் பிடிக்கின்றன. இதெல்லாம் உலக சுகாதார நிறுவனம் சொல்வது. அதே நிறுவனத்தின் கணக்குப்படி உலகத்தில் வருடத்துக்குச் சுமார் 11 கோடியே 85 லட்சம் முறை ரத்ததானம் நடக்கிறது, அதில் 40 சதவீதம் வசதியான நாடுகளில், ஆனால் அந்த நாடுகளில் இருப்பதோ உலக மக்கள் தொகையில் 16 சதவீதம்தான். பிரசவ ரத்தப்போக்கால் வருடத்துக்குப் பல்லாயிரம் பெண்கள் சாகிறார்கள், பெரும்பாலும் வசதி குறைந்த நாடுகளில்தான். அலமாரி காலியாக இருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பவர்கள் தலசீமியா குழந்தைகள். உடம்பால் போதுமான ஹீமோகுளோபினைச் செய்ய முடியாத பரம்பரை நோய் அது. கடுமையான வகை தலசீமியா உள்ள குழந்தைக்குப் பிறந்த ஒன்றிரண்டு வருடத்துக்குள் ரத்தமேற்றுவது தொடங்கும், அப்புறம் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு முறை, மஜ்ஜை மாற்று சிகிச்சை போல ஏதாவது நடந்தால் ஒழிய, வாழ்நாள் முழுவதும். இந்தக் குழந்தைகளைப் பற்றி வாட்ஸ்அப்பில் எத்தனை முறை செய்தி வரும்? முதல் முறை எல்லோரும் ஓடுவார்கள். பன்னிரண்டாவது முறை யார் போவார்கள்? அடுத்த மாதம் எந்தத் தேதியில் தேவை என்று முன்கூட்டியே தெரிந்த தேவை அது, அதை அவசரச் செய்திகளால் நிரப்பவே முடியாது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளும் அப்படித்தான், வெளியே தெரியாத வாடிக்கையாளர்கள். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே ஏறக்குறைய 100 மில்லிதான். பரிசோதனைக்கு எடுக்கும் சின்னச் சின்ன அளவுகூட அதற்குப் பெரிய இழப்பு. அதனால் ஒரு பையைக் குட்டிப் பைகளாகப் பிரித்து, அதே குழந்தைக்கு வெவ்வேறு நாட்களில் கொடுப்பதும் உண்டு.

இனி கொடுப்பவர் பக்கம். "ரத்தம் கொடுத்தால் உடம்பு பலவீனமாகிவிடும்" என்பதைச் சொல்லாத வீடு இல்லை. ஒரு பெரியவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. எடுப்பது 350 மில்லி அல்லது 450 மில்லி. திரவப் பகுதி ஒன்றிரண்டு நாளில் நிரம்பிவிடும், தண்ணீர் குடித்தாலே போதும். சிவப்பணுக்கள் நிரம்பச் சில வாரங்கள் ஆகும். இதில் எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதாவது நீங்கள் யாருக்கும் கொடுக்காவிட்டாலும் உடம்பு தினமும் நூற்றியிருபதில் ஒரு பங்கு சிவப்பணுக்களை அழித்துவிட்டுப் புதிதாகச் செய்துகொண்டுதான் இருக்கிறது, நொடிக்கு இருபது லட்சம் என்ற வேகத்தில். 5 லிட்டரில் நூற்றியிருபதில் ஒரு பங்கு என்றால் நாளுக்கு நாற்பது மில்லி சொச்சம். ஆகவே 350 மில்லி கொடுப்பது என்பது உடம்பு தானாகவே எட்டு ஒன்பது நாளில் கழித்துவிடப் போகிற அளவுதான். இவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைத்திருந்து என்ன ஆகப்போகிறது, நான்கு மாதத்தில் அவை மண்ணீரலுக்கும் கல்லீரலுக்கும்தானே போகப் போகின்றன.

ஆனால் ஒன்றுமே ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்லித்தான் முதல் முறை வருகிறவர்களை நாம் இழக்கிறோம். ஊசி கொஞ்சம் தடிமனானதுதான், சின்ன ஊசியில் இழுத்தால் அணுக்கள் உடையும், நேரமும் ஆகும். குத்தும்போது சுருக்கென்று இருக்கும், அப்புறம் பெரிதாக வலிக்காது. சிலருக்கு, அதிலும் முதல் முறை கொடுக்கும் இளைஞர்களுக்கு, தலை சுற்றும், அபூர்வமாக மயக்கமும் வரும். பயம், வெறும் வயிறு, தண்ணீர் குடிக்காதது, தூக்கமின்மை இவற்றில் ஏதாவது காரணமாக இருக்கும். கொடுப்பதற்குச் சற்று முன் அரை லிட்டர் தண்ணீர் குடிப்பது, படுத்திருக்கும்போது கால் தசைகளை இறுக்கி இறுக்கி விடுவது, முடிந்ததும் துள்ளி எழாமல் பதினைந்து நிமிடம் உட்காருவது, இவ்வளவும் செய்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது. எழுந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு பறக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கே தலை சுற்றுகிறது. கையில் நீலம் பாரித்து ஒரு வாரம் இருந்தாலும் இருக்கும், அது தானாகப் போய்விடும். நோய் தொற்றுமோ என்ற பயம் மட்டும் வேண்டவே வேண்டாம், ஊசியும் பையும் குழாயும் சேர்ந்து ஒரே தொகுப்பு, உங்கள் கண் முன்னால் பிரிப்பார்கள், ஒரு முறை பயன்படுத்தியதும் குப்பைக்குப் போய்விடும்.

ஊசி பயம் உள்ளவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசனைச் சொல்வேன். பதினான்கு வயதில் மார்பில் பெரிய அறுவை சிகிச்சை நடந்து, முகம் தெரியாதவர்களின் ரத்தத்தால் பிழைத்தவர். பதினெட்டு வயது ஆனதும் 1954இல் கொடுக்கத் தொடங்கினார். அவருடைய பிளாஸ்மாவில் ஆன்டி-டி என்ற எதிர்ப்பொருள் அபூர்வமான அளவில் இருந்தது தெரிய வந்தது. ஆர்எச் நெகட்டிவ் (குரூப் பெயரில் வரும் 'நெகட்டிவ்' இதுதான்) தாயின் உடம்பு, வயிற்றிலிருக்கும் ஆர்எச் பாசிட்டிவ் குழந்தையின் ரத்தத்தைத் தாக்காமல் தடுக்கும் ஊசி மருந்து அதிலிருந்துதான் தயாராகிறது. பிளாஸ்மாவை இரண்டு வாரத்துக்கு ஒரு முறைகூடக் கொடுக்கலாம் என்பதால் 2018 வரை, வயது வரம்பு தாண்டி அவர்களே போதும் என்று சொல்லும் வரை, 1,173 முறை கொடுத்தார். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அது உதவியிருக்கும் என்று ஆஸ்திரேலிய ரத்த சேவை மதிப்பிட்டிருக்கிறது. 2025இல், 88 வயதில் இறந்தார். இத்தனை முறையிலும் ஊசி ஏறுவதை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையாம், தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாராம். நானும் கூரையைத்தான் பார்ப்பேன்.

எதிர்த் திசையில் நடக்கும் மிகைப்படுத்தலும் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. ரத்தம் கொடுத்தால் கெட்ட ரத்தம் வெளியேறும், புது ரத்தம் ஊறும், மாரடைப்பு வராது, புற்றுநோய் வராது, உடம்பு இளைக்கும் என்றெல்லாம் எழுதுகிறார்கள். கெட்ட ரத்தம் என்று ஒன்று இருந்தால் அதை எதற்கு இன்னொருவருக்கு ஏற்ற வேண்டும்? உடம்பில் இரும்புச்சத்து அளவுக்கு மீறிச் சேரும் ஹீமோகுரோமட்டோசிஸ் என்ற நோய் உள்ளவர்களுக்கு ரத்தம் எடுப்பதே சிகிச்சை, அது உண்மை. இதய நோய் குறையும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கொடுப்பவர்கள் ஆரோக்கியமாக இருப்பது போலத் தெரிவதற்கு முக்கியக் காரணம், ஆரோக்கியமானவர்களைத்தான் கொடுக்கவே விடுகிறார்கள் என்பது. பிரஷரும் ஹீமோகுளோபினும் இலவசமாகப் பார்த்துவிடலாம், லாபம் என்று கேட்டால் அவ்வளவுதான். ஆனால் எச்ஐவி இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக ரத்தம் கொடுக்கப் போகாதீர்கள். தொற்று ஏற்பட்ட முதல் சில நாட்களுக்கு எந்தப் பரிசோதனையிலும் அது பிடிபடாது, அந்த இடைவெளியில் கொடுக்கும் பை தேறிவிடும். சந்தேகம் இருந்தால் அதற்கென்று இருக்கும் பரிசோதனை மையத்துக்குப் போக வேண்டும். படிவத்தில் கேட்கும் கூச்சமான கேள்விகளுக்கு உண்மையைச் சொல்ல வேண்டியதும் இதற்காகத்தான், இயந்திரம் கண்டுபிடிக்காததை உங்களால் மட்டும்தான் சொல்ல முடியும்.

அடிக்கடி கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது இரும்புச்சத்து. 450 மில்லியோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போய்விடுகிறது. உடம்பு உணவிலிருந்து நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் உறிஞ்சும். கணக்குப் போட்டுப் பாருங்கள், பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகும், மாதவிடாய் வரும் பெண்களுக்கு இன்னும் அதிகம். அதனால்தான் இடைவெளி வைத்திருக்கிறார்கள், சில நாடுகளில் எட்டு வாரம், சில நாடுகளில் ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம். பெண்கள் கொடுக்கவே கூடாது என்பது வெறும் பேச்சு. கர்ப்பமாக இருக்கும்போதும் பிரசவத்துக்குப் பின் சில மாதங்களும் பாலூட்டும்போதும் கொடுக்கக் கூடாது, மற்றபடி எடையும் ஹீமோகுளோபினும் சரியாக இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். ஹீமோகுளோபினுக்குப் பல இடங்களில் டெசிலிட்டருக்கு 12.5 கிராம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள், அதற்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்பினால் கோபித்துக்கொண்டு போகாமல் எண் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு, ஒரு மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சல், ஆன்டிபயாடிக், சமீபத்தில் குத்திய டாட்டூ, பல் பிடுங்கியது என்று வேறு எத்தனையோ தற்காலிகக் காரணங்களும் இருக்கின்றன. விதி நாட்டுக்கு நாடு மாறும், போய்க் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

மாற்று ரத்தம் கேட்கும் வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நோயாளிக்கு இரண்டு பை ஏற்றினால் குடும்பத்தார் இரண்டு பை கொடுக்க ஆள் கொண்டுவர வேண்டும் என்கிற ஏற்பாடு. ரத்த வங்கியின் கஷ்டம் புரிகிறது, இருப்பு குறைந்தால் அவர்களும் என்ன செய்வார்கள். ஆனால் நோயாளி பக்கத்தில் இருக்க வேண்டிய மகன் அந்த நேரத்தில் நண்பர்களுக்கு போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருப்பான். ஆள் கிடைக்காதவர்கள் காசு கொடுத்து யாரையாவது கூட்டி வருவார்கள், காசுக்காக வருகிறவர் தன் நோயை மறைக்கத்தான் பார்ப்பார். சொந்தக்காரர் என்ற சங்கடத்தில் வந்தவரும் படிவத்தில் உண்மையைச் சொல்லத் தயங்குவார், மாமனார் பக்கத்தில் நிற்கும்போது எப்படிச் சொல்வது? பணம் வாங்காமல், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் தொடர்ந்து கொடுப்பவர்களின் ரத்தத்தில்தான் தொற்று மிகக் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அந்த அடிப்படையில் ரத்த சேவையை வளர்க்க வேண்டும் என்று 1975லேயே உலக சுகாதாரப் பேரவை தீர்மானம் போட்டுவிட்டது.

"எங்க வீட்டு ஆள் ரத்தம்தான் வேணும்" என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். அண்ணன், அப்பா என்று நெருங்கிய ரத்த சொந்தத்தின் ரத்தத்தில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. அதிலுள்ள வெள்ளணுக்களை நோயாளியின் உடம்பு அந்நியம் என்று அடையாளம் காணாமல் விட்டுவிடலாம், அவை உள்ளே தங்கிப் பெருகி நோயாளியின் உடம்பையே தாக்கத் தொடங்கலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிர் மிஞ்சாது, அதனால் உறவினர் ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தித்தான் ஏற்ற வேண்டும். இன்னும் குழந்தை பெற நினைக்கும் மனைவிக்குக் கணவனின் ரத்தத்தை முடிந்தவரை தவிர்ப்பார்கள், அதற்கு எதிராக அவள் உடம்பில் உருவாகும் எதிர்ப்பொருள் பிற்பாடு வயிற்றிலிருக்கும் குழந்தையைத் தாக்கக்கூடும். ஆக, முன்பின் தெரியாதவரின் ரத்தம்தான் பல நேரங்களில் பாதுகாப்பானது. இதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் உண்டு என்பதை மறைக்கவில்லை.

குரூப் பற்றியும் ஒரு சந்தேகம் அடிக்கடி வரும். "என்னுது சாதாரண குரூப், அது நிறைய கிடைக்கும், நான் எதுக்கு?" சாதாரண குரூப் என்றால் நோயாளிகளிலும் அந்த குரூப்தான் அதிகம், ஆகவே அதுதான் வேகமாகத் தீரும். ஓ நெகட்டிவ் சிவப்பணுவைக் குரூப் பார்க்க நேரமில்லாத அவசரத்தில் யாருக்கும் ஏற்றலாம் என்பதால் அது எங்கேயும் பற்றாக்குறைதான். ஏபி குரூப்காரர்கள் தங்களுக்கு மதிப்பில்லை என்று நினைக்க வேண்டாம், பிளாஸ்மாவில் கணக்கு தலைகீழ், அவர்களுடையதுதான் எல்லோருக்கும் பொருந்தும். 1952இல் மருத்துவர் பெண்டே குழுவினர் பம்பாயில் கண்டுபிடித்த பம்பாய் குரூப் என்று ஒன்று இருக்கிறது. சாதாரணப் பரிசோதனையில் ஓ போலவே தெரியும், ஆனால் அவர்களுக்கு ஓ ரத்தம்கூட ஒத்துக்கொள்ளாது, அதே குரூப்காரர்தான் கொடுக்க வேண்டும். இப்படி அபூர்வ குரூப் உள்ளவர்களுக்கு மட்டும் வேறு ஆலோசனை: சும்மா கொடுத்துத் தீர்க்காமல் பதிவேட்டில் பெயரைக் கொடுத்துவிட்டு, அவர்கள் சொல்லும்போது போங்கள்.

ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் ரத்த மையம், நீங்கள் கொடுத்த ரத்தம் ஒரு நோயாளிக்கு ஏற்றப்பட்டதும் உங்கள் போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். யாருக்கு என்று சொல்லாது, பயன்பட்டது என்று மட்டும் சொல்லும். இதை எல்லா ரத்த வங்கிகளும் செய்யலாம், செலவே இல்லை. சான்றிதழையும் சாவிக்கொத்தையும் விட இது எவ்வளவோ மேல்.

முதல் முறை போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெரிய முகாம் நடக்கிற அன்றே கொடுத்தாக வேண்டும் என்றில்லை, ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பைகள் வந்து சேர்ந்தால் பிளேட்லெட்டைத் தீர்க்க முடியாமல் திணறுவார்கள். அருகிலுள்ள உரிமம் பெற்ற ரத்த வங்கிக்கு ஒரு வார நாளில், சாப்பிட்டுவிட்டு, நேரே போங்கள். படிவம், பிரஷர், விரல் நுனியில் ஒரு குத்து, அப்புறம் பத்து நிமிடம் படுக்கை, எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கிளம்பும்போது உங்கள் குரூப்பையும் எண்ணையும் கொடுத்து, இருப்பு குறையும்போது கூப்பிடச் சொல்லுங்கள். அவர்கள் கூப்பிடுவது பெரும்பாலும் ஊரே விடுமுறையில் இருக்கும் நாளாகத்தான் இருக்கும், அன்றைக்கு வரிசையும் இருக்காது.